முடக்கத்தான் தோசை

தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்றது. சுருளியாண்டி கரண்டியால் நெம்பினார். பாதி வந்தது, பாதி கல்லிலேயே கருகியது. வந்த பாதியை வாயில் போட்டார். வேப்பங்காய் தேவலை.

மனைவி ஜோதிலட்சுமி போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. பத்து வருடமாக அவள் சுட்டுப்போட்ட முடக்கத்தான் தோசையில்தான் அவர் முழங்கால் ஓடிக்கொண்டிருந்தது. "மூலிகைக்கு முன்னால மாத்திரை எம்மாத்திரம்?" என்று பண்ணைப்புரத்து டீக்கடையில் அவர் கேட்காத நாளில்லை. இப்போது மடக்கிய காலை நீட்ட முடியவில்லை.

இலை போதவில்லையோ என்று மறுநாள் இரண்டு மடங்கு அரைத்தார். வயிறு பிய்த்துக்கொண்டது. ஆறு தடவை கொல்லைப்பக்கம் போனார். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அவள் பெயர்தான் வாயில் வந்தது.

பக்கத்து வீட்டு அய்யாத்துரை வேலிக்கு அந்தப்புறமிருந்து பார்த்தார்.

"வேலிக்கொடியில என்னண்ணே சத்து இருக்கும்? அக்கா எங்கன பறிச்சாக?"

"தெரியலையேப்பா. தட்டுல வந்துச்சு, தின்னேன்."

அய்யாத்துரை மேற்கே கை காட்டினார்.

"மலையடிவாரத்துல இருக்கிறதுதாண்ணே மருந்து."

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே மலையடிவாரத்துக்குப் போனார். சரிவில் கொடி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. அதைப் பிடித்து மேலே ஏறினார். கொடி அவரோடு கீழே இறங்கி வந்தது.

முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அய்யாத்துரை அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு பக்கத்து ஊர் மெடிக்கலுக்குக் கொண்டுபோனார். கடையில் சினேகா என்ற பெண் நின்றிருந்தாள்.

"வீக்கத்துக்கு மாத்திரை தரவா, தாத்தா?"

"வேணாம்மா, தைலம் குடு. இங்கிலீசு மாத்திரை என் நாக்குல பட்டுப் பத்து வருசமாச்சு."

"ஜோதிலட்சுமியக்கா வீட்டுக்காரரும்மா" என்றார் அய்யாத்துரை. "தோசை தின்னே காலைச் சரிபண்ணுன ஆளு."

சினேகா சட்டென்று நிமிர்ந்தாள். கீழ்த்தட்டிலிருந்து பெயர் எழுதிய ஒரு காகிதப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஜோதியம்மாவை ஒரு மாசமா ஆளையே காணோமே, ஊருக்குப் போயிருக்காகளா? அவுக மாசாமாசம் வாங்குற மூட்டுவலி மாத்திரை இந்தா இருக்கு, தாத்தா. நீங்க முழுங்கமாட்டீகன்னு சட்னியிலதான பொடிச்சுக் கலப்பாக!"