நரம்புக்கு ஒட்டுப் போட்டேன்

அறுந்த வயரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அது என் வியாதி. அடி அண்ணாமலையில் வயரிங் வேலை செய்கிறேன். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதைக் கடைகளில் சீரியல் லைட் கட்டுவேன். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் மொத்தமும் இருட்டு. (கடைக்காரர் என் பரம்பரையையே விசாரிப்பார்.)

மகள் செல்வி பத்தாவது படித்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஜெயித்தால் வேங்கிக்காலில் மாவட்டப் போட்டி. பத்து நாள் உட்கார்ந்து தெர்மாகோலில் இரண்டு நரம்பு செல் செய்தாள். வால் மாதிரி நீண்ட வயர், அதில் குட்டிக் குட்டி பல்பு.

கண்காட்சியன்று காலை அவள் குளிக்கப் போனாள். நான் பார்த்தேன். இரண்டு செல்லுக்கும் நடுவில் ஒரு கிண்ணம். ஒரு செல்லின் வயர் அதற்குள் அறுந்து நின்றது. அடுத்த செல்லின் வயர் எதிரே, தொடாமல். பாவம், பிள்ளைக்கு ஒட்டத் தெரியவில்லை. ஈயம் வைத்து ஒட்டினேன். டேப் சுற்றினேன். துணி போட்டு மூடி, வண்டியில் நானே கொண்டுபோய் இறக்கினேன். ஒட்டியதைச் சொல்லவில்லை. (சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை நான்.)

நடுவராக வந்த டீச்சரிடம் செல்வி விளக்கினாள்.

“ரெண்டு நரம்பு செல்லும் ஒட்டாது மிஸ். நடுவுல கேப்பு இருக்கும். கரண்டு மாதிரி வர்ற சேதி அங்க நின்னுடும். அப்ப ஒரு கெமிக்கல் சுரந்து அந்தப் பக்கம் கொண்டுபோவும். இந்த உப்புத்தண்ணிதான் கெமிக்கல். ஊத்துனாதான் ரெண்டாவது எரியும்.”

சுவிட்சைப் போட்டாள். ஊற்றும் முன்பே இரண்டும் எரிந்தன. ஜோராக எரிந்தன.

“அப்ப உப்புத்தண்ணி எதுக்கும்மா?” என்றார் டீச்சர்.

செல்வி கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அவள் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. எரிகிற பல்பைத்தான் பார்த்தேன். “நான்தாங்க சேத்தேன். லூசா இருந்துச்சி” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“ஏம்பா தொட்ட?”

“கேப்பு இருந்தா கரண்டு எப்டிம்மா போவும்?”

“அதத்தாம்பா பத்து நாளா செஞ்சேன்!”

என் சட்டைப் பையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பிடுங்கினாள். வெட்டுவதற்குள் டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு எரிமலை புகைந்துகொண்டிருந்தது. வேங்கிக்கால் போனது அதுதான்.

செல்வி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. எங்கள் நடுவில் சேதி கொண்டுபோனது அவள் அம்மா.

அது நடந்து பத்து வருஷம் ஆகிறது. போன மாதம் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அந்தக் கோடியில், இவள் இந்தக் கோடியில். பையனின் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தப் போனேன். அத்தனை பேர் முன்னாடி என் மனைவி சொன்னாள்:

“உடுங்க, கேப்பு இருக்கட்டும். சேதி தானா போவும்.”

செல்வி சிரித்த சிரிப்பில் காபித் தட்டு ஆடியது. வந்தவர்களுக்கு முழுக் கதையும் சொல்லவேண்டியதாயிற்று. இப்போது சம்பந்தி வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.