பொடி மருந்தா என்ன?

ஒரு காட்டில், செல்போன் டவர் இருக்கிற பக்கமாக, செங்கமலம் என்றொரு எருமை இருந்தாள். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். திடீர் திடீரென்று உடம்பு திகுதிகுவென்று எரியும், வேர்த்துக் கொட்டும். நாள் முழுக்கக் குட்டையில் கிடந்தும் அடங்கவில்லை. பாவம், குட்டைதான் சூடானது.

ஆந்தை டாக்டர் சோதித்துப் பார்த்தார். "ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் மாத்திரை இருக்கும்மா. அதைத் தனியாப் போட்டா கர்ப்பப்பைச் சுவர் தடிச்சிரும், அதைக் காப்பாத்த இன்னொரு மாத்திரையும் கூடச் சேர்த்துப் போடணும்" என்று சொல்லி, பக்க விளைவுச் சீட்டையும் கொடுத்தார்.

செங்கமலம் சீட்டைப் பிரித்தாள். பிரித்தாள். பிரித்துக்கொண்டே இருந்தாள். ரத்தக்கட்டு, மார்பில் கட்டி, பக்கவாதம்... "ஐயையோ, இதுக்கு நான் வேர்த்தே சாகறேன்!" என்று எழுந்து ஓடினாள்.

"எல்லாருக்கும் வராதும்மா!" என்று டாக்டர் கத்தினார். கேட்க ஆளில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நரி வைத்தியர் கடை. "ஹார்மோனா? சீச்சீ! இது சுத்த மூலிகைப் பொடிக்கா. ஹார்மோன் செய்யற அதே வேலையைச் செய்யும்" என்றார் நரி.

"அப்போ அதே தொந்தரவையும் செய்யாதா?"

"செடிக்கு அவ்வளவு விவரம் பத்தாதுக்கா."

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டே இல்லை. மனசு குளிர்ந்துவிட்டது. தினம் ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. இயற்கைதானே என்று நாலு ஸ்பூன் போட்டாள்.

ஆறாம் மாதம் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. "இளமை திரும்புதுக்கா, வாழ்த்துகள்!" என்றார் நரி. செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. புற்றுநோயோ என்று அலறிக்கொண்டு ஆந்தையிடம் ஓடினாள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். சத்தியமாகப் பொய் இல்லை. பொடி மருந்தா என்ன?

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் காரணமும் புரியவில்லை, போக்கும் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவானது.

ஸ்ட்ரெச்சரில் அழுதுகொண்டே போனவள் கேட்டாள்: "டாக்டர், ஆபரேஷன் முடிஞ்சதும் பொடி சாப்பிடலாமா, இல்ல சாயங்காலம் வரைக்கும் பொறுக்கணுமா?"

"எந்தப் பொடி?"

சொன்னாள். டாக்டருக்கு ஏற்கெனவே பெரிய கண், இன்னும் பெரிதானது. "அடக் கொடுமையே! அதைத்தானேம்மா படிவத்துல கேட்டேன்!"

"நீங்க மருந்தைத்தானே கேட்டீங்க!"

ஆபரேஷன் ரத்து. பொடியும் ரத்து. மூன்றே மாதத்தில் போக்கு நின்றது, சுவரும் பழையபடி ஆனது. செங்கமலம் சந்தோஷத்தில் காடு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுவாரம் நரி கடையில் செங்கமலத்தின் படத்தோடு ஒரு பெரிய பலகை: 'ஆபரேஷன் வரை போனவர்! நமது பொடியை நிறுத்தியதும் பூரண குணம்!' அடியில் பொடி எழுத்தில்: 'நிறுத்த வேண்டுமானால் முதலில் வாங்க வேண்டும்.'

வரிசை ஆற்றைத் தாண்டி நின்றது.

நீதி: மாத்திரை போட்டுக் குணமானால் டாக்டருக்குப் பெயர், பொடியை விட்டுக் குணமானால் பொடிக்குப் பெயர். ஆகவே பிள்ளைகளே, விழுந்து விழுந்து படித்து டாக்டராகி ஏமாறாதீர்கள். டப்பா வாங்குங்கள்.