பெரம்பலூருக்கு வந்த ரயில்

பெரம்பலூர்க்காரன் ரயில் விஷயத்தில் கை வைக்கக் கூடாது. எங்களுக்கு விவரம் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் மட்டும்தான். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஜெயந்தி என் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஊர் அரியலூர். அவள் அப்பா அங்கேயே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் போன அன்று என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரயிலே இல்லாத ஊருல பொண்ணக் குடுத்துட்டு, நான் எப்படி தம்பி வந்து பாக்கறது?"

(பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.)

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். அதற்குள் அரியலூர் ஸ்டேஷனையே என் வீட்டுக்குக் கொண்டுவந்து அவரை மயக்கிவிடுவதென்று முடிவு செய்தேன். ஆன்லைனில் ஒரு பொம்மை ரயில் வாங்கினேன். ஒரு பெரிய பலகை மேல் தெர்மாகோலில் பிளாட்பாரம், ஸ்டேஷன் மாஸ்டர் அறை, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் மரங்கள், ஒவ்வொரு கம்பத்துக்கும் கடுகளவு பல்பு. போட்டோ எடுத்து ஜெயந்திக்கு அனுப்பினேன்.

"எங்க ஊரு மரம் இவ்வளவு பச்சையாவா இருக்கும்? மேல சிமெண்டு ஃபாக்டரிப் புழுதி படிஞ்சிருக்கணும்ப்பா" என்றாள்.

வேறு யாராவது சாம்பல் கலர் பெயிண்ட் அடித்திருப்பான். நான் கொல்லையில் மிச்சமிருந்த சிமெண்டு மூட்டையைப் பிரித்தேன். மரத்தின் மேல், தண்டவாளத்தின் மேல், நின்றிருந்த ரயிலின் சக்கரங்களிலும் தாராளமாகச் சலித்துத் தூவினேன். அசல் அரியலூர்! ஃபேன் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று பசை கலந்த தண்ணீரையும் தெளித்துவைத்தேன். (படித்தவன்தான். பி.இ. சிவில்.)

மறுநாள் அவர் மகளோடு வந்தார். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு விளக்கு சுவிட்சைப் போட்டேன். ஸ்டேஷன் முழுக்க வெளிச்சம். அடுத்து ரயில் சுவிட்ச். "ம்ம்ம்" என்று முனகியதே தவிர நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளினேன். பலகையே மேலே எழும்பியது. இன்ஜினிலிருந்து மெல்லப் புகை கிளம்பியது.

"பொகையெல்லாம் நெஜமாவே வருதுங்க!" என்று என் அம்மா பூரித்துப்போனார்.

"எலெக்ட்ரிக் இன்ஜின்ல ஏதும்மா பொகை?" என்ற ஜெயந்தியின் அப்பா, தண்டவாளத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சிமெண்டா தம்பி?"

"ஆமாங்க சார்."

"சிமெண்டு ஏத்துன வண்டிய எத்தனையோ அனுப்பிருக்கேன். வண்டியவே சிமெண்டு போட்டுப் பூசி வச்சத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரயில் சுவிட்சை அணைத்தேன். ஜெயந்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். (சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.) என் கல்யாணம் கண்ணெதிரே கருகிக்கொண்டிருந்தது.

அவர் மட்டும் நிமிரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த லைட்டு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

"எல்லா எடத்துலயும் வெள்ள லைட்டு மாத்துனப்பவும், நீங்க ஒங்க ரூம்ல குண்டு பல்பையே வச்சிருந்தீங்களாமே சார். ஜெயந்தி சொன்னாங்க."

அறைக்குள் தீக்குச்சி மேஜை. அதன் பின்னால் வெள்ளைச் சட்டையில் விரல்நக அளவு மனிதர். ஜெயந்தியின் அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா வைத்த காபி ஆடை கட்டி ஆறிப்போனது. பசை நாற்றம் மட்டும் போகவே இல்லை.

"ஜன்னலத் தொறந்துரட்டுங்களா சார்?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாப்ள."

அதுவரை நான் தம்பிதான்.

அந்த ரயில் இன்றுவரை ஓர் அங்குலம் நகரவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே போய் விளக்கு சுவிட்சைப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார். சில நாள் அப்படியே தூங்கியும் போவார். சாப்பிடக் கூப்பிடலாம் என்று நான் எழுந்தால், ஜெயந்தி அடுப்படியிலிருந்தே தடுப்பாள்.

"கூப்பிடாதீங்க. அப்பா டூட்டில இருக்காரு."