மெக்கானிக் கை படாத கார்

கார்னி தீசனுக்கு வாழ்க்கையில் இரண்டு சபதங்கள் இருந்தன. ஒன்று, தன் காரை எந்த மெக்கானிக்கும் தொட விடமாட்டார். இன்னொன்று, தன் கார் ஷெட்டிலிருந்து ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட வெளியே விடமாட்டார்.

முதல் சபதம் ஊரறிந்தது. கனடாவின் தெற்கு மனிடோபாவில் இருந்த அந்தச் சிற்றூரில் காப்பிக் கடை ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெற்ற விவசாயிகள் காலையும் மாலையும் அங்கே கூடுவார்கள். வறுத்த சூரியகாந்தி விதையைக் கடித்து, தோலை ஒரு கோப்பையில் துப்பியபடி உலகத்தைத் திருத்துவார்கள். "காரை மெக்கானிக்கிட்ட கொடுக்கிறவன் தன் பல்லை விளக்க ஆள் வைக்கிறவன்" என்று கார்னி அங்கே எத்தனையோ முறை முழங்கியிருக்கிறார்.

இரண்டாவது சபதத்தால் அவதிப்பட்டவள் அவர் மனைவி எல்ஃப்ரீடா. அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். தினமும் பேருந்தின் பானெட்டைத் திறந்து எண்ணெய், பெல்ட், வயர் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் பிள்ளைகளை ஏற்றப் புறப்படுவாள். ஆனால் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போக முதலில் அவளுடைய சின்ன நீலக் கார் கிளம்ப வேண்டுமே! குளிர்காலம் முழுக்க அது வாசலில் உறைந்து கிடக்கும். விடியும் முன்பே எழுந்து, கண்ணாடியில் கல்லாக இறுகிய உறைபனியைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஷெட் இல்லாமல் இல்லை. ஹீட்டர் வைத்த நல்ல ஷெட். உள்ளே ஓடாத புல்வெட்டி இயந்திரங்கள், கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டங்கள், பாதிப் படகு, வளைந்த ஆணிகள் நிரம்பிய ஐஸ்கிரீம் வாளிகள் என எல்லாம் இருந்தன. கார்தான் இல்லை.

"கார்னி, அந்த நாலு புல்வெட்டி மெஷினையும் தூக்கிப் போட்டா என்ன?"

"நாலும் தனித்தனியா ஓடாது. சேர்த்துப் பூட்டினா ஒண்ணு ஓடும்."

"எப்பப் பூட்டுவே?"

"கோடையில."

"போன கோடையில என்ன ஆச்சு?"

"மழை."

"அதுக்கு முந்தின கோடை?"

"மழையே இல்ல. புல்லே முளைக்கல. மெஷின் எதுக்கு?"

எல்ஃப்ரீடா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாளே என்று கார்னி அன்றைக்கே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. மைனஸ் முப்பது. அந்த ஊர்க் கார்களுக்கெல்லாம் மூக்கிலிருந்து ஒரு வயர் நாக்குப் போலத் தொங்கும். ராத்திரி அதை வீட்டுச் சுவரில் சொருகி எஞ்சினைச் சூடாக வைத்திருந்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். கார்னியும் சொருகித்தான் வைத்திருந்தார். வயரைப் பிடுங்கினார், ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை. உறுமல் இல்லை, இருமல் இல்லை. ஒரு 'டிக்' கூட இல்லை.

பேருந்துச் சுற்றை முடித்துவிட்டுத் திரும்பிய எல்ஃப்ரீடா, பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கணவரின் பின்பக்கத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என்ன ஆச்சு?"

"பேட்டரி."

"முன் விளக்கு பளிச்சுனு எரியுதே. பேட்டரி போயிருந்தா மங்கலா இல்ல எரியும்?"

"அது எனக்குத் தெரியாதா? பேட்டரின்னா பேட்டரியே இல்ல. அதோட முனை."

சோடா மாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் பேட்டரியின் முனைகளைத் தேய்த்தார். பச்சை பூத்திருந்த முனைகள் புதுக்காசு போல மின்னின. சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை.

"ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாரேன்" என்றாள் எல்ஃப்ரீடா.

கார்னி நிமிர்ந்தார். "ஃபியூஸ் பெட்டியா? காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க முதல்ல பார்க்கிற இடம் அது. பஸ் ஓட்டறது வேற எல்ஃபி, பழுது பார்க்கறது வேற."

"சரி. நான் சொன்னா நீ பார்க்கவா போறே?"

"பார்க்க மாட்டேன்!"

அந்தக் கணத்திலிருந்து காரின் எல்லாப் பாகங்களையும் பார்ப்பது, ஃபியூஸ் பெட்டியை மட்டும் பார்ப்பதில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தார். பயனில்லை. தரையில் படுத்து வண்டிக்கடியில் ஊர்ந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியலால் தட்டினார். தட்டினால் சில ஸ்டார்ட்டர்கள் விழித்துக்கொள்வது உண்டு. இது விழிக்கவில்லை. வண்டிக்கடியில் ஒட்டியிருந்த பனிக்கட்டி மட்டும் பெயர்ந்து அவர் கழுத்துக்குள் இறங்கியது. பிறகு திருகிக் கழற்றிய ஒரு நட்டு கைநழுவி வெண்பனிக்குள் விழுந்து மறைந்தது. அதைத் தேடக் கையுறையைக் கழற்றியதும் விரல்கள் ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டன.

வாசற்படியில் நின்று எல்ஃப்ரீடா கேட்டாள்: "மெக்கானிக்குக்குப் போன் போடட்டுமா?"

"அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதே!"

"அப்ப வண்டியை ஷெட்டுக்குள்ள தள்ளி, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு நிதானமா வேலை பாரு."

"ஷெட்டுல இடமில்ல."

"ஆமா, மறந்துட்டேன். இடமில்ல. அப்ப மெக்கானிக்."

கார்னி உறைந்த விரல்களை வாய்க்குள் விட்டுக்கொண்டார். அவருடைய இரண்டு சபதங்களும் இவ்வளவு நாளாக ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்ந்தவை. இன்று ஒன்று பிழைக்க மற்றொன்று சாக வேண்டியிருந்தது.

மூன்றாவது வழி ஒன்றைத் தேடி அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"என்னப்பா ஹென்றி, உன் ஷெட்டைக் கொஞ்சம் விடு. என் காரை உள்ள வச்சுப் பார்க்கணும்."

ஹென்றி பென்னர் தாடையைச் சொறிந்தார். "என் பனிவண்டி எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கேம்ப்பா. கால் வைக்க இடமில்ல. ஆனா என் டிரக்கு சும்மாத்தான் நிக்குது. உன் சாமானை ஏத்திக்கிட்டுப் போக எப்ப வேணும்னாலும் சொல்லு."

"நான் சாமானைப் பத்திப் பேசவே இல்லையே?"

"பேசலையா? சரி, விடு."

ஹென்றி கதவைச் சற்று அவசரமாகச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை கார்னி காப்பிக் கடைக்குப் போனார். எப்படி? மனைவியின் நீலக் காரில், அவள் பக்கத்து இருக்கையில், முழங்கால் முகவாயில் இடிக்க. கடை ஜன்னலில் நண்பர்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

"வாப்பா கார்னி! ஸ்கூல் பஸ்ஸைப் பிடிச்சா வந்தே?"

"எந்த கிளாஸ் படிக்கிறே? மதிய சாப்பாடு கட்டிக் கொடுத்தாங்களா?"

"உன் காரை எந்த மெக்கானிக்கிட்ட விட்டிருக்கே?"

கடைசிக் கேள்விக்குக் கடையே சிரித்தது. கார்னி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் என் காரை நானே ஓட்டிக்கிட்டு இதே வாசலுக்கு வருவேன். ஒரு மெக்கானிக்கும் அதைத் தொட்டிருக்க மாட்டான். அப்ப சிரிங்க, பார்க்கலாம்!"

சனிக்கிழமை காலை அவர் ஷெட்டின் கதவைத் தூக்கினார். ஒரு ஐஸ்கிரீம் வாளி உருண்டு வந்து காலடியில் ஆணிகளைக் கொட்டியது.

"இதெல்லாம் வெளியில போகுது. ஆனா தற்காலிகமா. காரைச் சரி பண்ணதும் அத்தனையும் திரும்ப உள்ள வரும். எழுதி வச்சுக்கோ!"

"வெளியில எங்க வைப்பே? பனி மூடிடும். நம்ம சர்ச் சபையோட பழைய சாமான் கடைக்குக் கொடுத்துடலாம்."

"கொடுக்கிறதா? என் படகையா?"

"பாதிப் படகு. அந்தக் கடையில வர்ற பணமெல்லாம் பசியில இருக்கிறவங்களுக்குப் போகுது, கார்னி. முடியாதுன்னா சொல்லு. நாளைக்குக் கோவில்ல போதகர் கேட்டா, நீ கொடுக்க மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லிடறேன்."

அந்த ஊரில் மெக்கானிக்கை எதிர்க்கலாம். டாக்டரை எதிர்க்கலாம். அரசாங்கத்தைத் தினமும் எதிர்க்கலாம். சபையின் கடைக்குக் கொடுக்க மாட்டேன் என்றவன் ஞாயிற்றுக்கிழமை எந்த பெஞ்சில் போய் உட்காருவான்?

கூப்பிடாமலே ஹென்றியின் டிரக் பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. புல்வெட்டிகள் போயின. ஜன்னல் சட்டங்கள் போயின. பாதிப் படகு போனபோது கார்னி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் திரும்புவதற்குள் எல்ஃப்ரீடா தரையைக் கூட்டி முடித்திருந்தாள்.

மூன்று பேரும் சேர்ந்து காரை உள்ளே தள்ளினார்கள். ஹீட்டர் கதகதத்தது. எல்ஃப்ரீடா கையைத் தட்டிக்கொண்டாள்.

"இனி உன் பாடு. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து நேரத்தை வீணாக்காதே."

"ஏன்?"

"அதுல ஒண்ணும் இருக்காது. அன்னிக்கு ஏதோ தெரியாம உளறிட்டேன். நீ சொன்னதுதான் சரி. அதைத் தொடாதே."

அவள் சமையலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கார்னி இடுப்பில் கைவைத்து நின்றார். தொடாதேயாம்! என் காரில், என் ஷெட்டில், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எனக்கே சொல்கிறாளா?

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவு. ரிலே என்பார்கள். சாவியைத் திருப்பியதும் மின்சாரத்தை அந்தந்தப் பாகத்துக்குத் திறந்துவிடும் காவல்காரர்கள் அவைதான். வரிசையில் ஓர் இடம் பல் விழுந்தது போலக் காலியாக இருந்தது. மூடியில் இருந்த படத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். காலியான இடம் ஸ்டார்ட்டருடையது.

காவல்காரன் எங்கே போனான்? குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி விழுந்திருப்பான் என்று கார்னி தீர்மானித்தார். இறுக்கமாக மூடிய பெட்டியிலிருந்து எப்படி விழுவான் என்று அவர் யோசிக்கவில்லை. அவர் அப்போது வெற்றியின் வாசலில் நின்றிருந்தார். அங்கே நிற்கிறவர்கள் யோசிப்பதில்லை.

ஹாரனுடைய ரிலேவும் அதே அளவு, அதே வகை. அதைப் பிடுங்கிக் காலியான இடத்தில் அழுத்தினார். ஷெட்டின் கதவைத் தூக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார்.

கார் உறுமியது!

எல்ஃப்ரீடா ஏப்ரனோடு ஓடி வந்தாள். "அட! என்னதான் கோளாறு?"

"ஸ்டார்ட்டருக்குப் போற மின்சாரப் பாதையில ஒரு நுணுக்கமான சிக்கல். விளக்கினா உனக்குப் புரியாது."

"ஃபியூஸ் பெட்டியில இல்லையே?"

"சேச்சே!"

"நல்லவேளை. சரி, பேட்டரி ஏற ஒரு சுத்து சுத்திட்டு வா. காப்பிக் கடையில எல்லாரும் உனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."

இவ்வளவு அன்பாக அவள் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. கார்னி மார்பை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். கடையில் இரண்டு காப்பியும் ஒரு துண்டு பிளம் கேக்கும் தீரும்வரை, ஸ்டார்ட்டரின் உள்ளமைப்பைப் பற்றி நண்பர்களுக்குப் பாடம் எடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் டிரக்கைக்கூட வந்து பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஷெட்டின் கதவு மூடியிருந்தது. இறங்கிப் போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே, ஹீட்டரின் கதகதப்பில், கூட்டிப் பெருக்கிய தரையின் நட்டநடுவே எல்ஃப்ரீடாவின் நீலக் கார் நின்றிருந்தது. அதன் கூரையிலிருந்து பனி உருகிச் சுகமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

கார்னி தன் காருக்கு ஓடி வந்து ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். இரண்டு முஷ்டியாலும் குத்தினார்.

வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஹென்றி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கார் இன்னும் சரியாகலையா?"

"சரியாயிடுச்சு!"

"பின்ன ஏன் அதைப் போட்டு அடிக்கிறே?"

எல்ஃப்ரீடா தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவளுடைய கம்பளிக் கையுறையின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை இருந்தது.

"இந்தா. இது ஹாரனுக்கு."

"இது... இது எங்க கிடைச்சுது?"

"வச்ச இடத்துலதான். சர்க்கரை டப்பாவுல."

கார்னியின் முகம் சிவந்தது. அது குளிரால் அல்ல. "நீயா! நீதான் பிடுங்கினியா?"

"முதல் நாளே ஃபியூஸ் பெட்டியைப் பாருன்னு சொன்னேனா இல்லையா? நீ கேட்டிருந்தா அன்னிக்கே நான் தோத்திருப்பேன்."

கார்னி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். பானெட்டைத் திறந்தார், ரிலேவைச் சொருகினார், உள்ளே வந்து உட்கார்ந்தார். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தன் எதிர்ப்பு போய்ச் சேரும்படி நீளமாக, மிக நீளமாக ஹாரன் அடித்தார். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்! திங்கட்கிழமை நேரா அந்தக் கடைக்குப் போய் என் சாமான் அத்தனையும் திருப்பிக் கொண்டுவந்து, இந்த ஷெட்டைக் கூரை வரைக்கும் நிரப்புறேனா இல்லையா பாரு!"

"வா, வா" என்றாள் எல்ஃப்ரீடா. "திங்கட்கிழமையிலிருந்து மத்தியானத்துல அங்க கல்லாவுல நான்தான் உட்காரப் போறேன். வரிசையில வா."