நேரான பலகை மேல் எழுதிய கடிதம்

கோபமாக இருந்தாலும் மாதம் தவறாமல் கடிதம் போடும் என் ஒரே மகனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மகள், அவளுடைய மரம் அறுக்கும் மெஷின் மூவரும் சுகம். அங்கே நீ, மருமகள், உன் முழங்கால் வலி மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். உன் மகளுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. காலையில் ஒரு தரம், மெஷினை நிறுத்தியதும் ஒரு தரம் நானே எண்ணிப் பார்க்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரசமட்டத்தோடு வருவாய், ஈரம் காய்ந்த பிறகும் நேராக நிற்கிற பலகை ஒன்றாவது இருந்தால் மெஷின் இருக்கலாம், இல்லையென்றால் அதை லாரியில் ஏற்றி விற்றுவிட்டு அவளைப் பழையபடி நாற்காலி வேலைக்கு அனுப்புவாய் என்று எழுதியிருக்கிறாய். வீடு கட்டுகிறவன் நீ, சுவரையும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாய், பெற்ற மகளையும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாய். போகட்டும். நீ வர வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கடிதத்தை அந்தப் பலகை மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். வரிகளைப் பார். கோடு போடாத தாளில் நான் எழுதினால் வரி மேலேறி மாடிக்குப் போய்விடும் என்று வாத்தியார் சொல்வார். அந்த அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தா இது? ஒரு வரியாவது ஏறுகிறதா, இறங்குகிறதா? பலகை அப்படி.

எதிர்வீட்டு டெய்லர் உனக்குப் போன் பண்ணி ஏதேதோ சொல்லியிருப்பார், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் இரண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு மரம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது, உன் மகள் அதைப் பார்த்த பார்வையை அவள் எந்த ஆபீஸையும் பார்த்து நான் கண்டதில்லை, கயிறு கட்டி உருட்டிக்கொண்டு வந்தோம், கடல் உப்பு ரம்பத்தை அரித்துவிடும் என்று ஒரு வாரம் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினோம், உன்னைக்கூட நான் இத்தனை தேய்த்துக் குளிப்பாட்டியது கிடையாது. பிறகு ஆணி, உலோகம் எதைக் கண்டாலும் கத்துகிற ஒரு கருவியை மரத்தின் மேல் வைத்தாள், மரம் உருளாமல் நான் பிடித்துக்கொண்டேன், வைத்த இடமெல்லாம் அது கத்தியது.

"பாட்டி, இங்கயும் ஆணி இருக்கு!"

"தோண்டு கண்ணு, விடாத. ஏதோ பழைய கப்பல்ல இருந்த மரமா இருக்கும்."

பதினாலு இடத்தில் தோண்டினாள். ஓர் ஆணி இல்லை. பதினைந்தாவது இடத்தில் நான் முகம் துடைக்கக் கையை எடுத்தேன், கருவி வாயை மூடிக்கொண்டது. கையை வைத்தேன், கத்தியது. உன் மகள் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, அந்த வளையலைக் கொஞ்சம் கழட்டுறியா?"

நாற்பது வருஷமாகக் கையை விட்டு இறங்காத வளையல், அரை சோப்பு கரைந்த பிறகுதான் வந்தது. அப்புறம் கருவி தூங்குகிற குழந்தை மாதிரி சத்தமே போடவில்லை. தைரியமாக அறுக்க ஆரம்பித்தோம், கால்வாசி போனதும் 'டங்' என்று ஒரு சத்தம், பிளேடு போய்விட்டது. கோலிக்குண்டு அளவு ஒரு கல். கடலில் உருண்டபோது மரம் விழுங்கியிருக்கிறது, இந்தக் கருவிக்கோ உலோகம்தான் தெரியும், கல் தெரியாது. பயப்படாதே, பிளேடு மூடிக்குள்ளேயே சுருண்டுகொண்டது. அந்தச் சத்தத்தில் டெய்லர் ஒரு சட்டைக்கு மூன்றாவது கை வைத்துத் தைத்துவிட்டதாகச் சொல்கிறார். அந்தச் சட்டையை இதுவரை அவர் என் கண்ணில் காட்டவில்லை.

புது பிளேடு மாட்டி ஆறு பலகை எடுத்தாள். வீடு முழுக்க மரத்தூள், துணி அலமாரிக்குள்கூட. அலமாரித் தட்டுகளைக் கழற்றிக் கழுவி வெளிச் சுவரில் சாத்தியதும் உன் மகள்தான், அவ்வளவு பொறுப்பு. பலகைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்து, மேலே பாரம் ஏற்றினாள். எப்போது காயும் என்று கேட்டேன். ஒரு வருஷம் என்றாள்.

"ஒரு வருஷமா? உங்கப்பன் ஒரு மாசந்தானே குடுத்திருக்கான்?"

"அப்பா குடுத்த தேதி மரத்துக்குத் தெரியாதே, பாட்டி."

சொல்லிவிட்டுத் தன்னுடைய துண்டாலேயே மெஷினைத் துடைத்தாள். யாருக்கோ கொடுத்து அனுப்பப் போகிற பொருளைத் துடைக்கிற மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நனைந்த போர்வையே இரண்டு நாளில் காய்கிறது, பலகை காயாதா? அவளுக்குத் தெரியாமல் ஒன்றை உருவி நல்ல வெயிலில் அதே சுவரில் சாத்திவிட்டேன். பத்து நாள் கழித்து முந்தாநாள்தான் உள்ளே தூக்கி வந்தேன். என்ன நேர், என்ன வழவழப்பு! ஆகையால் லாரிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு. உன் மகள் கெட்டிக்காரி, என்னைப் போல.

மருமகளுக்கு என் ஆசி. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் என் ஆசியும் சேர்த்துக் கொடுக்கச் சொல். எல்லாரும் நீண்ட நாள் நன்றாக, நேராக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் உன் மகள் வந்துவிட்டாள். "அலமாரியோட நடுத்தட்டை ரெண்டு நாளா தேடுறேன், நீ அது மேல வச்சு எழுதிட்டிருக்கே!" என்கிறாள். தூக்கி வந்தபோது நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் நிஜப் பலகை சுவரிலேயே நிற்கிறது, வில் மாதிரி வளைந்து. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த நேரம் பார்த்து மரத்தூள் வாங்க வந்த படகு ரிப்பேர்க்காரர் அதை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இதை இப்படி வளைச்சது யாரு?" என்றார். பழியைச் சுமக்க வேண்டியதுதான் என்று, "நான்தாங்க" என்றேன்.

"நேர்ப் பலகை யார் வேணா தருவாங்கம்மா. இந்த மாதிரி கிடைக்காமதான் ஒரு மாசமா படகைக் கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். இன்னும் ஆறு வேணும்."

வெயிலை நம்பி ஆறு செய்ய முடியாது, வளைந்த மரத்தை அதன் வளைவோடு அறுத்தால்தான் சரிப்படும் என்கிறாள் உன் மகள். கோணல் என்று நாங்கள் ஒதுக்கிய பெரிய மரம் ஒன்று முகத்துவாரத்தில் இன்னும் கிடக்கிறது, எங்கள் இருவரால் அசைக்க முடியாது. ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா, லாரியோடு வா. ரசமட்டத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.