பரமேஸ்வரன் அடைந்த ஐந்தாம் நிலை

பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து ஓய்ந்த பிறகுதான் பரமேஸ்வரன் கண்ணைத் திறந்தார்.

“நித்திரை கொண்டிட்டியள்,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சிவனேஸ்வரி.

“ஆர், நானோ? யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.”

“குறட்டை விட்டுக்கொண்டோ யோசிச்சனீங்கள்?”

“எங்கட பரம்பரையிலயே குறட்டை இல்லை. விசர்க்கதை கதையாதையும்.”

அந்தப் பரம்பரைக் குறட்டையில் கிரவீனில் இருந்த அவர்கள் வீட்டுச் சுவரே அதிரும். இடையில் திடீரென்று மூச்சு நின்றுவிடும். அது திரும்பி வரும்வரை சிவனேஸ்வரி எழும்பியிருந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். “இது பக்கத்து வீட்டு நாயெல்லே,” என்றார். டொக்டரிடம் கூப்பிட்டாள். “நல்லா இருக்கிறவனுக்கு டொக்டர் என்னத்துக்கு?” என்றுவிட்டு, பார்சல் வானை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை அவள் மணிக்கொரு தடவை போன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஹோம்புஷ்ஷில் ஒரு கல்லூரியில் சுவாசப் பராமரிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைகளில் வகுப்பு முடியும்வரை அவர் காருக்குள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ‘யோசிப்பது’ வழக்கம்.

“மேல்மாடியில சைவ சித்தாந்த வகுப்பு நடக்குது. கார்ப்பார்க்கில கிடந்து காயாமல் அதில போய் இருங்கோவன்,” என்றாள் அவள்.

போனார். விக்னராஜா மாஸ்டர் ஆன்மாவின் ஐந்து நிலைகளை விளக்கிக்கொண்டிருந்தார். நனவு, கனவு, உறக்கம்... மூன்றாவது நிலையோடு பரமேஸ்வரன் பாடத்தை விட்டுப் போய்விட்டார். உடம்பு மட்டும் முன்வரிசைக் கதிரையில் வாயைத் திறந்தபடி இருந்தது.

கண் விழித்தபோது வகுப்பு முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மன்னிக்கோணும் மாஸ்டர்...”

மாஸ்டர் கையைக் காட்டி மறித்தார். “கதையாதேங்கோ. உங்கட மூச்சு அடங்கினதை எல்லாரும் பாத்தவை. இதுதான் ஐந்தாம் நிலை, உயிர்ப்படங்கல். நான் புத்தகத்திலதான் கண்டனான்.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னாரா மனுசன்?

“கொஞ்சக் காலமா இப்பிடித்தான் வருது,” என்றார் மிகவும் அடக்கமாக.

அடுத்த வியாழன், கொம்பியூட்டர் வேலை செய்யும் ஜெகதீஷ் அவருடைய செருப்பை எடுத்து நேராக வைத்தான். சிவாஜினி அன்ரி முழங்கால் நோவுக்கு அவர் கையால் திருநீறு கேட்டார். இவ்வளவு மரியாதைக்கு நடுவில் யாருக்கு நித்திரை வரும்? அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தார். முகம் கறுத்து, இருமல் வந்து, தண்ணீர் கொடுக்கவேண்டியதாகிவிட்டது.

“இண்டைக்கு அதிர்வு சரியில்லை,” என்று சமாளித்தார்.

“அதுக்கென்ன அண்ணை? வாற வியாழன் பெரிய ஹோலில வைப்பம். எல்லாரும் வந்து பாக்கட்டும்,” என்றான் ஜெகதீஷ்.

வயிறு முட்டச் சாப்பிட்டால்தான் பெரிய ஹோலில் நித்திரை வரும் என்று பரமேஸ்வரன் கணக்குப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போனார்.

“இஞ்சரும், வியாழக்கிழமை கொஞ்சம் கூடப் புட்டு அவியும். கத்தரிக்காய்ப் பொரிச்ச கறியும்.”

சிவனேஸ்வரி மாவை எடுத்து வைத்தாள். “ஓம் அப்பா. உங்கட விரலில எங்கட வகுப்பில ரத்த ஒக்சிஜன் அளக்கிற கிளிப்பையும் போட்டு, மூச்சு அடங்கிறதை ஸ்கிரீனில காட்டுவமோ? விஞ்ஞானமும் ஒத்துக்கொள்ளட்டும்,” என்றாள்.

“நல்ல யோசனை! வெள்ளைக்காரனுக்கும் தெரியட்டும்.”

வியாழன் வந்தது. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, வயிற்றில் மூன்று நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டு. கண்ணை மூடியதுதான் தாமதம், ஹோல் அதிர்ந்தது. பிறகு ஒரேயடியாக அமைதி. ஸ்கிரீனில் இலக்கம் இறங்கத் தொடங்கியது.

“அரோகரா!” என்று கத்தினான் ஜெகதீஷ்.

மூச்சு திரும்பியது. மறுபடி நின்றது. மறுபடி அரோகரா. இலக்கம் இன்னும் இறங்கியது. மெசின் கீக்கீ என்று அலறியது. சிவனேஸ்வரி கூட்டி வந்திருந்த அவளுடைய ஆசிரியை டொக்டர் ராகவி கதிரையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

“அரோகரா சொல்லாமல் ஆளை எழுப்புங்கோ!”

எழுப்பினார்கள்.

“அண்ணை, இது ஸ்லீப் அப்னியா. நித்திரையில தொண்டை அடைபட்டு மூச்சு நிக்குது,” என்றாள் ராகவி. “இப்பிடியே வான் ஓடினால் ஒருநாள் எழும்பமாட்டியள். நித்திரைக்கு, காத்து அடிக்கிற மாஸ்க் போட்டால் சுகமா இருக்கலாம்.”

பரமேஸ்வரன் ஆதரவுக்கு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஷ் மெல்லப் போய்த் தன் செருப்பைத் தேடினான்.

திரும்பும்போது சிவனேஸ்வரிதான் கார் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது அழுதுவிட்டாள்.

“உங்களுக்கு மூச்சு நிக்கேக்கை எனக்கும் நிக்குதப்பா. எத்தனை நாளைக்கு நான் இப்பிடி இருந்து பாக்கிறது?”

கழுத்தில் கிடந்த மாலையை அவர் மெதுவாகக் கழற்றினார். தன் குறட்டைக்கு இப்படி ஒரு காவல் இருந்தது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

“மாஸ்க்கை எடுப்பம்,” என்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை. மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு பரமேஸ்வரன் கண் விழித்தார். தலை அவ்வளவு தெளிவாக இருந்தது. பக்கத்தில் சிவனேஸ்வரி அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இப்படித் தூங்கி அவர் கண்டதே இல்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அவள் எழும்பிவிடக் கூடாதே என்று அவர் சட்டென்று எடுத்தார். ஹலோ சொல்லப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றுத்தான் வந்தது.

மறுமுனையில் விக்னராஜா மாஸ்டர் பொறுமையில்லாமல் தொடங்கிவிட்டார்.

“தங்கச்சி, அவரை எப்பிடியாவது மெசினில மாட்டவெண்டு நீங்கள் சொல்லித் தந்தபடியே உங்கட மனுசனுக்கு ஐந்தாம் நிலை எண்டு புளுகிவிட்டன், அவர் சுகமானது சந்தோசம், ஆனால் இப்ப என்ர வகுப்பில மிச்சப் பேரும் டொக்டர் சொன்னதை நம்பாமல் ஐந்தாம் நிலை எண்டு நித்திரை கொள்ளத் தொடங்கிட்டினம், இனியாவது நான் உண்மையைச் சொல்லட்டோ?”