நின்ற இடத்தில் எண்பது

குளத்தூர்,
புதன் மாலை

கர்த்தருக்குள் அன்பான ஈசாக் மச்சானுக்கு, உங்கள் தங்கை ஆனந்தபாயைக் கட்டிய ஜெயதாஸ் எழுதுவது. இங்கே நாங்களும் வாழைக்குலைகளும் சுகம். அங்கே உங்கள் முட்டுவலியும் புதுக் காரும் எப்படி என்று அறிய ஆவல்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், என் பச்சைக் கார் வெள்ளறடை ஏற்றம் ஏறாது, திங்கட்கிழமை கல்யாணத்துக்கு மணப்பெண் அஞ்சுவை உங்கள் காரில் ஏற்றிவிடலாம் என்றீர்கள். மச்சான், ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த கார் அது. சர்ச்சுக்கும் அதில்தான் கொண்டுபோவேன். வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றுதான் நெய்யாற்றின்கரைப் பக்கம் காரின் இழுவையை அளக்கும் மெஷின் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

ஓட்டிப் பார்ப்பார்கள் என்று கேட்டதுமே ஆனந்தபாய் பொதிச்சோறு கட்டி, வாந்திக்கு எலுமிச்சை எடுத்து, பத்திரமாய்ப் போய்ச் சேர ஜெபமும் பண்ணி, அஞ்சுவோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அங்கே பார்த்தால் தரைக்குள் இரும்பு உருளை. அளக்கிற பெண் பிஜி பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி, வண்டியைப் பட்டையால் இழுத்துக் கட்டி, டயரில் காற்றுப் பார்த்து, முன்னால் ஆளுயர விசிறியை வைத்தாள். இறங்கச் சொன்னதற்கு உங்கள் தங்கை, ஜெபம் பண்ணி ஏறினவள் ஊர் சேராமல் இறங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

பிஜி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். முள் எண்பதுக்குப் போனது, சுவரிலிருந்த பல்லி நகரவில்லை. விசிறிக் காற்று காஞ்சிரங்குளத்துக் கடற்காற்று மாதிரி வந்தது. பக்கத்து சீட்டில் எனக்குக் கண் சொருகியது. ரப்பர் மரங்கள் பின்னால் போகின்றன, மடியில் துணிக்குள் அஞ்சு தூங்குகிறாள், வீடு வரவே இல்லை, வரவும் வேண்டாம் என்றிருந்தது. அழுதுவிட்டேன் மச்சான். வளைவே இல்லாததால் ஆனந்தபாய்க்கு வாந்தியும் வரவில்லை, பொதியைப் பிரித்துவிட்டாள். இடையில் பிஜி ஏதோ சொன்னாள், நானும் தலையாட்டினேன்.

சக்கரம் உருளையைத் திருகுகிற வலுதான் டார்க்காம். அதோடு சுற்றுகிற வேகத்தையும் பெருக்கினால் குதிரைசக்தியாம். எஞ்சின் சூடேறிய பிறகு திரும்பத் திரும்ப ஓட்டி, அன்றைய வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் தக்கபடி கணக்கைத் திருத்தினாள். கார்ப் புத்தகத்தில் நாற்பது குதிரைசக்தி, உருளையில் முப்பத்திரண்டு. என் முகம் வாடியதைப் பார்த்து, “மாமா, எஞ்சின்ல உள்ளது முழுக்க வீலுக்கு வராது. கியர்பாக்ஸும் டயரும் வழியில தின்னும். எஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல, நல்ல எஞ்சினாக்கும்” என்றாள்.

ஆகவே உங்கள் கார் வேண்டாம். நீங்கள் எங்கள் பின்னால் வந்தால் போதும். உங்கள் முட்டுக்குக் கர்த்தர் பலம் தருவாராக.

அன்புடன்,
ஜெயதாஸ்

பி.கு. (வியாழன்): கடிதத்தை நேரில் தந்து உங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அஞ்சுவோடு கிளம்பினேன். அதே வெள்ளறடை ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது. அது வழுக்குகிறது, மாற்றாமல் ஏற்றத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் அன்று நான் தலையாட்டியபோது பிஜி சொன்னாளாம், அஞ்சு இப்போது சொல்கிறாள். திங்களுக்குள் சாமான் கிடைக்காது. உங்கள் காரிலேயே போகலாம் என்று நானே சொல்லிவிட்டேன். அஞ்சு பானெட்டில் சாய்ந்துகொண்டு, “வேற வண்டியில நான் வரல்ல அப்பா. மாமா முன்னால இழுக்கட்டு” என்கிறாள். அதனால் இதை ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். திங்களன்று உங்கள் காரைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், உறுதியான கயிறு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.